ஈரல் புற்றுநோய் மூலக்கலத்திலிருந்தா முளைக்கிறது?

களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த கேள்வியின் சுருக்கம் இது. அப்பாவுக்கு 61 வயது. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம், குடிப்பழக்கம் இல்லை. ஈரலில் 4 சென்ரிமீற்றர் கட்டி ஒன்று கண்டு சத்திரசிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். அறிக்கையில் ஈரல் கலப் புற்றுநோய் என்றும், சுற்றியுள்ள ஈரல் சிரோசிஸ் (தழும்பேறிச் சுருங்கிய) நிலையில் இருக்கிறது என்றும், "கெரட்டின் 19 பொசிட்டிவ், ஸ்டெம் செல் தன்மை" என்றும் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் இந்தப் புற்றுநோய் ஸ்டெம் செல்லிலிருந்து வந்ததா? இது கூடாத வகையா? திரும்ப வருமா? இதற்கிடையில் உறவினர் ஒருவர், வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் பழுதான ஈரல் புதிதாக வளரும் என்கிறார். கூட்டிப் போகலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: அந்த ஊசிக்கு அப்பாவைக் கூட்டிப் போக வேண்டாம். காரணத்தைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். மற்றக் கேள்விகளுக்கு இப்படி ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அப்பாவின் கட்டியில் ஸ்டெம் செல்லின் சாயல் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் சாயல் இருக்கிறது என்பதற்காக அதன் வயிற்றில் பிறந்தது என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் குழப்பமும் பயமும் வருகின்றன, ஊசி விற்பவர்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஸ்டெம் செல்லைக் குருத்தணு என்று எழுதுபவர்களும் உண்டு. நாம் பள்ளிக்கூடத்தில் செல்லைக் கலம் என்று படித்தவர்கள் என்பதால் மூலக்கலம் என்றே எழுதுகிறேன். தானும் பெருகி, வேறு வகைக் கலங்களாகவும் மாறக்கூடிய கலம் என்பதுதான் பொருள்.

ஈரலின் இயல்பைத் தெரிந்துகொண்டால்தான் மிச்சம் விளங்கும். தென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரே குருத்து. குருத்தை வண்டு தின்றுவிட்டால் மரமே போய்விடும். நமது குடலின் உட்தோலும் எலும்பு மச்சையும் அந்த வகை. அங்கே ஒரு சிறு கூட்டம் மூலக்கலங்கள் இருக்கின்றன, புதிய கலங்கள் எல்லாம் அவற்றிலிருந்துதான் வரவேண்டும். ஈரல் அப்படியில்லை. வேலிக்கு நடுகிற கிளிசரியாவைப் போன்றது அது. எங்கே தறித்தாலும் மிச்சக் கட்டை துளிர்க்கும். 1931 இல் ஹிகின்ஸ், அண்டர்சன் என்ற இருவர் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்து என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் ஈரல் பழைய நிறைக்கு வந்துவிடுகிறது. வெட்டிய சோணை திரும்ப முளைப்பதில்லை, மிச்சமிருந்த சோணைகள்தான் பருத்துப் பெருகுகின்றன. இந்த வேலையைச் செய்பவை தனியான மூலக்கலங்கள் அல்ல, அன்றாடம் பித்தம் சுரந்து, சீனியைச் சேமித்து, மருந்தை உடைத்துக்கொண்டிருக்கும் சாதாரண ஈரல் கலங்களே. சுண்டெலியிலிருந்து சுண்டெலிக்கு ஈரல் கலங்களைத் தொடர்ச்சியாக மாற்றி வைத்துப் பார்த்த பரிசோதனைகளில், அவை அறுபது தடவைக்கு மேல் இரட்டித்துப் பெருகியிருக்கின்றன. முதிர்ந்த கலம் ஒன்றுக்கு இது அசாதாரணமான ஆற்றல்.

அப்படியானால் ஈரலில் மூலக்கலமே இல்லையா? இருக்கிறது, ஆனால் பின்வரிசையில். கருவில் ஈரல் உருவாகும்போது ஒரே வகை முன்னோடிக் கலம்தான் ஒருபக்கம் ஈரல் கலமாகவும் மறுபக்கம் பித்தக்கான் கலமாகவும் பிரிகிறது. வளர்ந்த ஈரலில், பித்தம் கலங்களிலிருந்து மிகச் சிறிய கான்களுக்குள் இறங்கும் அந்தச் சந்தியில், ஹெரிங் கால்வாய் என்று சொல்லப்படும் இடத்தில், இரண்டு பக்கமும் போகக்கூடிய சிறு கலங்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. ஈரல் நன்றாக இருக்கும்வரை அவற்றுக்கு வேலை இல்லை.

இந்தக் கலங்கள் மீது புற்றுநோய்ச் சந்தேகம் விழுந்தது 1950களில். இமானுவேல் ஃபார்பர் 1956 இல் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் இரசாயனங்களைக் கொடுத்து, ஈரலில் ஆரம்ப நாட்களில் நடப்பதை நுணுக்குக்காட்டியில் தொடர்ந்து பார்த்தார். கட்டி வருவதற்கு வெகு முன்னரே, சிறிய, நீள்வட்டக் கருவுள்ள கலங்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகின. அவற்றை ஓவல் கலங்கள் என்றார். முதலில் இவை வருகின்றன, பின்னர் கட்டி வருகிறது. எனவே கட்டிக்குத் தாய் இவைதான் என்று நினைப்பது இயல்பு. மனித ஈரலிலும் இதற்கு ஒப்பானது நடக்கிறது. நாட்பட்ட ஈரல் அழற்சியில், குடியால் கெட்ட ஈரலில், கொழுப்பு ஈரலில், ஹெரிங் கால்வாய்ப் பக்கத்திலிருந்து சிறு கான்கள் போன்ற கலக்கூட்டங்கள் விரிந்து வருகின்றன. தழும்பு கூடக்கூட இந்தக் கூட்டமும் கூடுகிறது. சிரோசிஸ் உள்ள ஈரலில்தான் ஈரல் புற்றுநோயில் பெரும்பங்கு வருகிறது என்பதால் சந்தேகம் இன்னும் பலத்தது.

மேலும் மூன்று விடயங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. ஒன்று, உங்கள் அறிக்கையில் உள்ள கெரட்டின் 19 என்ற புரதம். அது முதிர்ந்த ஈரல் கலத்தில் இராது. பித்தக்கான் கலத்திலும் மூலக்கலத்திலும் இருக்கும். இரண்டு, ஒரே கட்டிக்குள் ஒரு பகுதி ஈரல் கலம் போலவும் இன்னொரு பகுதி பித்தக்கான் போலவும் இருக்கும் கலப்புக் கட்டிகள். அரிதானவைதான், ஈரலில் தொடங்கும் புற்றுநோய்களில் 5 வீதத்துக்கும் குறைவு. ஆனாலும் இரண்டு முகமுள்ள கட்டிக்கு இரண்டு பக்கமும் போகக்கூடிய தாய் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும். மூன்று, 2006 இல் வெளியான ஓர் ஆய்வு: மனிதக் கட்டிகளின் பரம்பரையலகுச் செயற்பாட்டை அளந்தபோது, ஒரு பங்கு கட்டிகள் கருவின் முன்னோடிக் கலத்தின் கையெழுத்தைக் கொண்டிருந்தன, அந்த நோயாளர்களின் முடிவும் மோசமாக இருந்தது.

இவை எல்லாம் சாயலைக் காட்டும் சாட்சிகள். பிறப்பைக் காட்டும் சாட்சி வேண்டுமென்றால், கலத்துக்கு அடையாளம் போட்டுவிட்டு அதன் பிள்ளைகளைத் தொடர வேண்டும். மனிதரில் இதைச் செய்ய முடியாது, சுண்டெலியில் செய்கிறார்கள். செய்முறை இப்படி: தீங்கு செய்யாத ஒரு வைரசின் வழியாக, முதிர்ந்த ஈரல் கலத்துக்குள் மட்டும் இயங்கும் ஒரு நொதியத்தை அனுப்புவார்கள். அது அந்தக் கலத்தின் பரம்பரையலகில் ஓர் ஒளிர்நிறத்தை நிரந்தரமாகத் திறந்துவிடும். கலம் பிரிந்தால் பிள்ளைக்கும் பேரனுக்கும் அந்த நிறம் போகும். பிறகு புற்றுநோய் உண்டாக்கும் பொருளைக் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, கட்டியை வெட்டி நிறத்தைப் பார்ப்பார்கள். கட்டி நிறத்தோடு இருந்தால் அதன் தாய் ஈரல் கலம். நிறமில்லாவிட்டால் வேறு எங்கிருந்தோ வந்தது. இன்னொரு தொகுதிச் சுண்டெலிகளில் பித்தக்கான் பக்கக் கலங்களுக்கு நிறம் போட்டு எதிர்ப்பக்கத்திலிருந்தும் சரிபார்ப்பார்கள். 2015 இல் இப்படிப் பல வகைச் சுண்டெலிகளில் செய்து வெளியிட்ட ஆய்வின் விடை தெளிவானது: ஈரல் கலப் புற்றுநோய் முதிர்ந்த ஈரல் கலத்திலிருந்து வந்தது, மூலக்கலப் பக்கத்திலிருந்து வரவில்லை. ஃபார்பர் கண்ட ஓவல் கலங்கள் அங்கே பெருகின, உண்மை. ஆனால் தீப்பிடித்த வீட்டுக்கு ஓடிவந்த அயலவர் போல வந்தன. முதலில் வந்து நின்றவர் என்பதால் தீ வைத்தவர் என்று சொல்லிவிட முடியாது.

ஆனாலும் கதவு முழுதாக மூடப்படவில்லை. ஆய்வுக்கூடச் சுண்டெலியின் ஈரல் கலங்கள் இளமையானவை, களைப்படையாதவை. மனித ஈரலோ இருபது முப்பது வருடம் அடி வாங்கி, கலங்கள் பிரிந்து பிரிந்து நிறமூர்த்த நுனிகள் தேய்ந்து, இனிப் பிரிய முடியாத நிலைக்கு வந்திருக்கும். அந்த நிலைமையைச் சுண்டெலியில் செயற்கையாக உண்டாக்கி, ஈரல் கலங்கள் பிரிவதைத் தடுத்துப் பார்த்த ஆய்வு 2017 இல் வந்தது. அங்கே பித்தக்கான் கலங்கள் உண்மையிலேயே ஈரல் கலங்களாக மாறி இடத்தை நிரப்பின. ஆக, முன்வரிசை களைத்தால் பின்வரிசை இறங்கும். அப்படி இறங்கியவற்றில் ஒன்று கெட்டுப்போய்க் கட்டியாகும் வாய்ப்பை மனிதரில் மறுத்துவிட முடியாது. 2013 இல் வந்த இன்னொரு பரிசோதனை இதற்கு நல்ல விளக்கம். கருநிலை முன்னோடிக் கலம், வளர்ந்த ஈரலின் மூலக்கலம், முதிர்ந்த ஈரல் கலம் ஆகிய மூன்றுக்குள்ளும் ஒரே புற்றுநோய்ப் பரம்பரையலகுகளைப் புகுத்தினார்கள். மூன்றுமே கட்டியாயின. மூன்று கட்டிகளிலும் மூலக்கலச் சாயல் இருந்தது.

இதில்தான் விடயத்தின் சாரம் இருக்கிறது. நமது வயல்களில் நெல்லோடு நெல்லாக வந்து, அறுவடைக்கு முன்னரே மணியைக் கொட்டிவிடும் களைநெல்லைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் காட்டு நெல்லின் குணம். ஆனால் அது காட்டிலிருந்துதான் வந்தது என்பதில்லை. பயிர்நெல்லே சில மாற்றங்களால் காட்டுக் குணத்துக்குத் திரும்பியும் களைநெல் உண்டாகிறது. முதிர்ந்த ஈரல் கலமும் அப்படித் திரும்பக்கூடியது. யாப் என்ற புரதம் அடங்கியிருக்க வேண்டிய இடத்தில் அடங்காமல் இயங்கினால், முதிர்ந்த ஈரல் கலம் தன் வேலையை மறந்து பித்தக்கான், முன்னோடிக் கலம் போன்ற குணங்களுக்குப் போகிறது என்று 2014 இல் காட்டினார்கள். நொட்ச் என்ற இன்னொரு சமிக்ஞை மிகையானால், ஈரல் கலத்திலிருந்தே பித்தக்கான் புற்றுநோய் வருகிறது என்பதைச் சுண்டெலியில் 2012 இலேயே கண்டுவிட்டார்கள். இரண்டு முகமுள்ள கட்டிக்கு இரட்டை வழிப்பட்ட தாய் வேண்டும் என்ற வாதம் அதோடு தளர்ந்துவிட்டது.

அப்பாவுக்குச் செய்திருக்கும் ஏ.எஃப்.பி. குருதிப் பரிசோதனையும் இதே கதைதான். அது கருவின் ஈரல் செய்யும் புரதம். பிறந்த பின் ஈரல் அதை நிறுத்திவிடும். 1963 இல் ஏபெலெவ் சுண்டெலியின் ஈரல் கட்டியிலும், அடுத்த வருடம் டட்டாரினோவ் மனித நோயாளரிலும் அது மீண்டும் தோன்றுவதைக் கண்டார்கள். முதிர்ந்த கலம் குழந்தைப் பேச்சுக்குத் திரும்பியதைக் குருதியிலே பிடிப்பதுதான் அந்தப் பரிசோதனை.

புற்றுநோய் மூலக்கலம் என்று இன்னொரு சொல்லும் உங்கள் காதில் விழுந்திருக்கும். இது முற்றிலும் வேறு விடயம். கட்டி எதிலிருந்து பிறந்தது என்பது ஒரு கேள்வி. பிறந்த கட்டிக்குள் எல்லாக் கலங்களும் ஒரே வலிமை கொண்டவையா என்பது வேறு கேள்வி. கட்டிக்குள் ஒரு சிறு பங்கு மட்டும் புதிய கட்டியை விதைக்க வல்லவை என்ற கருத்தை 1990களில் ஜோன் டிக் குழுவினர் குருதிப் புற்றுநோயில் நிறுவினார்கள். ஈரல் கட்டிகளில் சிடி133, எப்காம், சிடி90, சிடி13, சிடி44 போன்ற அடையாளங்கள் உள்ள கலங்களைப் பிரித்து, எதிர்ப்புச்சக்தி இல்லாத சுண்டெலிக்குள் வைத்தால், குறைந்த எண்ணிக்கையிலேயே கட்டி வருகிறது. இவை மெதுவாகப் பிரியும், மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் இவற்றில் அதிகம். அதனால் சிகிச்சைக்குத் தப்பி மிஞ்சும். ஆனால் இந்த அடையாளங்களை முத்திரை போல நம்பக்கூடாது. சிடி133 நல்ல பித்தக்கான் கலத்திலும் உண்டு. அடையாளம் இல்லாத கலம் பிறகு அடையாளம் உள்ளதாக மாறுவதும் உண்டு. இந்தக் கலங்களை மட்டும் குறிவைத்து அழிக்கும் மருந்து எதுவும் ஈரல் புற்றுநோயின் வழமையான சிகிச்சையில் இன்று இல்லை. யாராவது இருக்கிறது என்று சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி உங்கள் அறிக்கை. கெரட்டின் 19 பொசிட்டிவ் என்று எழுதக் கட்டிக் கலங்களில் குறைந்தது 5 வீதமாவது நிறம் ஏறியிருக்க வேண்டும் என்பதே பரவலான அளவு. இது ஏன் முக்கியம் என்றால், கட்டியின் ஓரத்தில் அகப்பட்ட நல்ல பித்தக்கான்களும் நிறமேறும். அதைக் கட்டியின் நிறமாக எண்ணினால் தவறாகிவிடும். அப்பாவுக்கு முழுக் கட்டியும் எடுத்துப் பார்த்திருப்பதால் நம்பகம் அதிகம். ஊசிப் பயொப்சியில் கிடைக்கும் நூல் போன்ற துண்டில் இது தவறிப்போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வகைப்பாட்டில் மூலக்கலத் தன்மை உள்ளவை என்று தனி உபவகைகள் இருந்தன. 2019 வகைப்பாட்டில் அவற்றைத் தனிநோய்களாக வைத்திருக்கவில்லை. கலப்புக் கட்டியா இல்லையா என்பதை முதலில் சாதாரண நிறமேற்றத்தில் கலங்களின் உருவத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும், கெரட்டின் போன்றவை துணைக்குத்தான். எனவே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "மூலக்கலமா?" என்பதல்ல. "இது ஈரல் கலப் புற்றுநோய் மட்டும்தானா, பித்தக்கான் பகுதியும் கலந்திருக்கிறதா?" என்பதே. கலந்திருந்தால் சிகிச்சைப் பாதை மாறும்.

கூடாத வகையா என்றால், கெரட்டின் 19 உள்ள கட்டிகள் சராசரியில் சற்றுச் சீக்கிரம் திரும்புகின்றன, குருதிக்குழாய்க்குள் புகுவதும் அவற்றில் கூடுதல். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் இதே அறிக்கையில் இதைவிடக் கனமான வரிகள் இருக்கின்றன. நுண்குருதிக்குழாய்க்குள் கட்டி புகுந்திருக்கிறதா, வெட்டிய ஓரம் சுத்தமா, பக்கத்தில் சிறு துணைக் கட்டிகள் உண்டா, கலங்கள் எந்தத் தரம் என்பவற்றைப் பாருங்கள். இந்த நான்கும் சாதகமாக இருந்தால் கெரட்டின் 19 ஒன்றை வைத்து மனம் உடையத் தேவையில்லை. கட்டியின் துண்டுகளைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டைகள் நோயியல் ஆய்வுகூடத்தில் இருக்கும். இரண்டாவது கருத்துத் தேவைப்பட்டால் வைத்தியரின் கடிதத்தோடு கண்ணாடித் தகடுகளைக் கேட்டுப் பெறலாம், அப்பாவை மீண்டும் குத்தத் தேவையில்லை.

திரும்புவது இரண்டு வகை. சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு வருடத்துக்குள் வருவது பெரும்பாலும் பழைய கட்டியின் எச்சம், கண்ணுக்குத் தெரியாமல் முன்னரே சிதறிய கலங்கள். கெரட்டின் 19 போன்ற சாயல்கள் அதிகம் பேசுவது இந்தக் காலத்தைப் பற்றித்தான். இரண்டு வருடத்துக்குப் பின் வருவது பல நேரம் புதுக் கட்டி. கட்டி போய்விட்டாலும், அதை வளர்த்த ஈரல் உள்ளேயே இருக்கிறது. சிரோசிஸ் ஈரலில் வெளியே ஒன்றும் தெரியாத முடிச்சுகளிலேயே மாற்றங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. நிறமூர்த்த நுனியை மீண்டும் வளர்க்கும் நொதியத்தைத் திறந்துவிடும் டேர்ட் விகாரத்தை எடுத்துக்கொள்வோம். கலங்களின் மாற்றம் குறைந்த தாழ்தர முடிச்சுகளில் ஏறக்குறைய 6 வீதத்தில், மாற்றம் கூடிய உயர்தர முடிச்சுகளில் 19 வீதத்தில், ஆரம்பப் புற்றுநோயில் 60 வீதமளவில் அது காணப்பட்டது. தேய்ந்து நிற்க வேண்டிய கலம் சாகாவரம் வாங்கும் படிகள் இவை. ஈரலின் எந்த வகைக் கலம் அந்தப் படியில் ஏறியது என்பதைவிட, அந்தப் படியை யார் கட்டிக்கொடுத்தது என்பதே நம் கையில் உள்ள கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

நமது பக்கத்தில் அதைக் கட்டுவது பெரும்பாலும் கொழுப்பும் சீனியும் சாராயமும் கசிப்பும். ஈரல் அழற்சியைத் தரும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இலங்கையில் குறைவு. ஆனால் கொழுப்பு ஈரல் மிக அதிகம். ராகமைப் பகுதியில் வளர்ந்தவர்களிடம் செய்த ஆய்வில் 32.6 வீதமானோருக்கு அது இருந்தது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலும் மூன்று நேரச் சோறும், இடைக்கிடை சீனி போட்ட தேத்தண்ணியும் பணிசும், வாகனத்தில் போய் வாகனத்தில் வரும் வாழ்வும் அதற்குப் பாதை போடுகின்றன. சாராயம் தொடாத மனிதருக்கு ஈரல் சுருங்குமா என்று பலர் வியக்கிறார்கள். சுருங்கும். அப்பாவின் ஈரல் அப்படிச் சுருங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் குருதி பார்த்து இல்லையென்று உறுதி செய்திருக்க வேண்டும். மத்திய கிழக்குக்குப் போகச் செய்த மெடிக்கலில் ஹெபடைட்டிஸ் பி பொசிட்டிவ் வந்து "அன்ஃபிட்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பயணம் போச்சே என்ற கவலையில் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். அது பயணத்துக்கான காகிதம் அல்ல, வாழ்நாள் கண்காணிப்புக்கான காகிதம். ஹெபடைட்டிஸ் பி சிரோசிஸ் இல்லாமலேயே புற்றுநோயைத் தரக்கூடியது, ஏனென்றால் வைரசின் பரம்பரையலகு நமது கலத்தின் பரம்பரையலகுக்குள்ளேயே போய்ச் செருகிக்கொள்கிறது. பூஞ்சணம் பிடித்த கச்சானையும் சோளனையும் கொப்பராவையும் தெரிந்து தவிருங்கள். அவற்றில் உண்டாகும் அஃப்லாடொக்சின் வறுத்தாலும் முழுதாக அழியாது, பி53 என்ற காவல் பரம்பரையலகைக் குறிப்பாக ஓரிடத்தில் கெடுக்கிறது.

ஊசிக்கு வருவோம். விற்பவர்கள் சொல்வது: எலும்பு மச்சையிலிருந்தோ தொப்புள் கொடியிலிருந்தோ எடுத்த மூலக்கலம் ஈரலுக்குப் போய் ஈரல் கலமாக மாறும். அந்தக் கலங்கள் ஈரலில் பயன்படத்தக்க அளவில் ஈரல் கலமாக மாறுவதில்லை. பெரும்பாலானவை நாட்கணக்கில் மறைந்துவிடும். பிரித்தானியாவில் சிரோசிஸ் நோயாளர் 81 பேரிடம் ஒழுங்காகச் செய்த பரிசோதனையின் முடிவு 2018 இல் வந்தது. ஒரு பகுதியினருக்கு அவரவர் சிடி133 மூலக்கலங்களையே மூன்று தடவை ஏற்றினார்கள். ஈரலின் செயற்பாடு வழமைச் சிகிச்சையைவிட முன்னேறவில்லை. பக்கவிளைவுகள்தான் கூடின. அதுவும் புற்றுநோய் இல்லாதவர்களிடம். அப்பாவுக்கு ஈரலில் இப்போதுதான் கட்டி எடுத்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத எச்சம் இருக்கக்கூடும். ஏற்றப்படும் கலங்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளும் குருதிக்குழாய் வளர்க்கும் சமிக்ஞைகளும் கட்டிக் கலத்துக்கும் உரம்தான். காணியை விற்று அந்த உரத்தை வாங்கிப் போட வேண்டாம். பழுதான ஈரலுக்கு உண்மையான மாற்று என்பது ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை. ராகமையில் அது செய்யப்படுகிறது. ஒரே கட்டி 5 சென்ரிமீற்றருக்குள், அல்லது மூன்று கட்டிகள் வரை ஒவ்வொன்றும் 3 சென்ரிமீற்றருக்குள், பெருங்குழாய்க்குள் புகாமல் இருந்தால் புற்றுநோய் இருந்தும் மாற்றலாம் என்பது 1996 இல் மிலானில் வகுத்த அளவு. கட்டி திரும்பினால் அந்த எல்லைக்குள் இருக்கும்போதே பிடிப்பதற்காகத்தான் கண்காணிப்பு.

கண்காணிப்பு எப்படி? முதல் இரண்டு வருடம் மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒரு தடவை, சாயம் ஏற்றிய சீ.ரீ. அல்லது எம்.ஆர்.ஐ., கூடவே ஏ.எஃப்.பி. அதன் பின் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. சீ.ரீ. எடுக்கும்போது, சாயம் ஏறிய பின் அடுத்தடுத்த நேரங்களில் எடுக்கும் நாடி நிலை, வாயினாள நிலை, தாமத நிலைப் படங்கள் மூன்றும் வேண்டும். ஈரல் கலக் கட்டி முதலில் மின்னிப் பின்னர் மங்கும். ஒரே ஒரு நிலையில் மட்டும் எடுத்த படத்தில் அந்தக் குணம் தெரியாது, பணமும் கதிர்வீச்சும் வீண். அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்பதால் சாயத்துக்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும், மெட்ஃபோமின் என்ற சீனிக் குளிசை குடிக்கிறார் என்றால் ஸ்கான் எடுப்பவரிடமும் கிளினிக்கிலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் ஒரு ஸ்கானும் கொழும்புப் பக்கம் இன்னொன்றும் எடுக்க நேர்ந்தால் படங்களின் சீ.டி.யைக் கையில் வைத்திருங்கள், அறிக்கைக் காகிதம் மட்டும் போதாது. 8 மில்லிமீற்றர் புள்ளி ஒன்று புதிதா பழையதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.

ஏ.எஃப்.பி. விடயத்தில் இரண்டு இடங்களில் பிழை நடக்கிறது. ஒரு ஆய்வுகூடம் நானோகிராமில் தரும், இன்னொன்று சர்வதேச அலகில் தரும். ஒரு சர்வதேச அலகு ஏறக்குறைய 1.2 நானோகிராம். அலகைப் பார்க்காமல் கூடிவிட்டது என்று பயப்படவோ குறைந்துவிட்டது என்று ஆறுதல்படவோ கூடாது. இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். அடுத்தது, சத்திரசிகிச்சைக்கு முன் அப்பாவின் அளவு சாதாரணமாக இருந்திருந்தால் அந்தக் கட்டி ஏ.எஃப்.பி. சுரக்காத வகை. திரும்பினாலும் இந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்காமல் விடலாம், படமே நம்பிக்கை.

நீங்களும் சகோதரர்களும் என்ன செய்வது என்று கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். மூலக்கலச் சாயல் பரம்பரையாக வராது. சீனி வருத்தமும் கொழுப்பு ஈரலும் குடும்பத்தில் ஓடும். நாற்பது தாண்டிய ஒவ்வொருவரும் ஏ.எஸ்.ரீ., ஏ.எல்.ரீ. என்ற ஈரல் நொதியங்கள், குருதிச் சிறுதட்டு மூன்றையும் ஒரே நாளில் செய்துகொள்ளுங்கள். ஈரலில் தழும்பு ஏறியிருக்குமா என்று இந்த எண்களை வைத்து மதிப்பிடலாம். வயதை ஏ.எஸ்.ரீ.யால் பெருக்குங்கள். அதைச் சிறுதட்டு எண்ணிக்கையாலும் ஏ.எல்.ரீ.யின் வர்க்கமூலத்தாலும் பிரியுங்கள். சிறுதட்டை ஆயிரத்தில் எழுத வேண்டும், 200,000 என்றால் 200. உதாரணமாக 48 வயது, ஏ.எஸ்.ரீ. 40, ஏ.எல்.ரீ. 36, சிறுதட்டு 200 என்றால் 1920ஐ 1200ஆல் பிரிக்க 1.6 வரும். 1.3க்குக் கீழே என்றால் கடுமையான தழும்பு இருக்கும் வாய்ப்புக் குறைவு, ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பப் பாருங்கள். 2.67க்கு மேலே என்றால் தாமதிக்காமல் ஈரல் கிளினிக். இடையில் என்றால் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கான் தேவை. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2 என்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயதே எண்ணை உயர்த்திவிடும்.

யாருக்காவது சிரோசிஸ் என்று தெரிந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கானும் ஏ.எஃப்.பி.யும். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். ஆரம்பக் கட்டியைப் பிடிப்பதில் ஸ்கான் தனியே 45 வீதமளவில்தான் வெற்றி, ஏ.எஃப்.பி. சேர்ந்தால் 63 வீதம். போகுமுன் ஆறு மணித்தியாலமாவது வெறும் வயிற்றோடு இருங்கள். பருத்த உடலிலும் கொழுப்பு நிறைந்த ஈரலிலும் ஒலி உள்ளே போகாது, பிரிமென்றகட்டின் கீழுள்ள மேல்முனை மறைந்துவிடும். "ஈரல் முழுதும் தெளிவாகத் தெரிந்ததா?" என்று ஸ்கான் செய்தவரிடமே கேளுங்கள். தெரியவில்லை என்றால் "கட்டி இல்லை" என்ற வரிக்குப் பெறுமதி இல்லை, அடுத்த தடவை சீ.ரீ.யோ எம்.ஆர்.ஐ.யோ கேட்க வேண்டும். கொழுப்பு ஈரல் மட்டும்தான் என்றால் உடல் நிறையில் 7 முதல் 10 வீதம் குறைத்தால் அழற்சியும், பலருக்குத் தழும்பும்கூடக் குறைகிறது. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 6 முதல் 8 கிலோ. முதலில் தேத்தண்ணியில் சீனியை நிறுத்துங்கள், இராச்சோற்றை அரைவாசி ஆக்குங்கள். சீனி சேர்க்காத கோப்பி நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை குடிப்பவர்களிடம் ஈரல் புற்றுநோய் குறைவாகவே காணப்படுகிறது, அதை நிறுத்தத் தேவையில்லை.